குண்டு எழுத்தைப் பெற்றவள்

அந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்று வக்கீல்கள் வந்து குண்டு வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஆள் விவாகரத்து வழக்கு மட்டும் எடுப்பவர். அலுவலக வாசலுக்கு "மணமுறிவு ஆலோசனை" என்று ஒரு பலகை, அதுவும் குண்டில்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பலகைக் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த எழுத்தக்கா, அவர் சொன்னதை அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க சார். பிரிஞ்சு போகப் போறவங்க வர்ற இடம். இதைப் பாத்தா பலூன் விக்கிற கடைன்னுல்ல நினைப்பாங்க?"

"அதுக்குத்தாம்மா கேக்குறேன். பயப்படாம உள்ள வரணும்ல."

எழுத்தக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஆர்டரை எழுதினாள்.

குண்டு என்பது ஓர் எழுத்துரு. கோடெல்லாம் ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை, கூர் என்று சொல்ல ஓர் இடம் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் போல இருக்கும். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். பல் டாக்டர், பால் கடை, வரி அலுவலகம், சவப்பெட்டிக் கடை என்று ஒருவர் பாக்கியில்லை. மின்சார நிலையத்தின் வேலியில் "அபாயம், தொடாதே" என்று தொங்கும் பலகையைப் பார்த்தால் தொட்டுத் தடவிக் கொடுக்கத் தோன்றும். ஒரு தடவை யாரோ ஒரு வாடிக்கையாளர், ஓடும் பஸ்ஸில் இருந்து கடைக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலைல குண்டு ரெடியாயிடும்ல?" என்று உரக்கக் கேட்டு, அடுத்த நிறுத்தத்தில் பாதி பஸ் காலியானது. அந்தக் கதையை எழுத்தக்காவின் கணவர் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரித்தபடி சொல்வார். அந்த பஸ்ஸை ஓட்டியவரே அவர்தான்.

அவளுக்குச் சிரிப்பு வராது. இந்த எழுத்தைச் செய்து ஊரில் விட்டது யார் என்று திட்டவும் வழியில்லை. அதைப் பெற்றவள் அவளேதான்.

பலகைக் கடையில் அவள் போன் எடுக்கத்தான் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷம் இருக்கும். எழுத்து வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் போய்விட, அன்றைக்கு மாலை கொடுக்க வேண்டிய வேலை அந்தரத்தில் நின்றது. "நான் பாத்திருக்கேன் சார், ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டவள், அதன் பிறகு போன் பக்கம் திரும்பவில்லை. மெஷினை ஓட்ட ஓட்ட எழுத்தின் மேல் கண் போனது. ஒரு 'ழ' எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். மெஷினோடு வந்த எழுத்துருக்கள் பிடிக்காமல் தானே வரைய உட்கார்ந்தாள். எழுத்தக்கா என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது.

குண்டு பிறந்தது ஒரு நீச்சல் குளத்துக்காக. குழந்தைகள் நீந்தப் பழகும் குளம். சுவரில் "ஓடாதே", "ஆழம்", "தண்ணீருக்குள் தள்ளாதே" என்று எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். குழந்தைகள் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார்கள் அல்லவா, அதன் கூர்முனையில் ஒரு பெண் குழந்தையின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. குளத்தை நடத்திய பெண்மணி கடைக்கு வந்து, "எனக்கு முனையே இல்லாத எழுத்து வேணும். தண்ணிக்குள்ள இருந்து கண்ணாடி போடாம பாத்தாலும் தெரியணும்" என்றாள்.

எழுத்தக்கா மூன்று மாதம் அதிலேயே கிடந்தாள். மற்ற எழுத்தெல்லாம் எப்படியோ வந்துவிட்டது. 'ண' மட்டும் உயிரை வாங்கியது. மூன்று சுழியையும் அத்தனை தடிமனில் ஒரே எழுத்துக்குள் அடக்க வேண்டும். சுழியைப் பெரிதாக்கினால் எழுத்து ஊதிக்கொண்டு பக்கத்து எழுத்தை இடித்தது, சிறிதாக்கினால் உள்ளே இருக்கும் வெளி அடைந்துபோனது. மூன்று வாரம் கழித்து ஒரு வழியாக 'ண' உட்கார்ந்தது. வெட்டி ஒட்டிய அன்று, சோடாப் புட்டிக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, குளத்தின் எதிர்க் கரையில் போய் நின்று பார்த்தாள். தண்ணீருக்குள் தள்ளாதே என்று தெளிவாகத் தெரிந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நிறைவு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். முதலாளிக்குக் குண்டைப் பிடித்துப்போனது. கடையின் எல்லாக் கணினியிலும் ஏற்றினார். அவருடைய மச்சானின் அச்சகத்துக்குக் கொடுத்தார், மச்சான் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "பேர் வாங்கிட்டம்மா" என்று முதலாளி எழுத்தக்காவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார். அதிலும் எண்கள் குண்டில்தான் இருந்தன.

இத்தனையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது மாமனார் விஷயத்தில்.

மாமனார் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடும் மருமகளோடும் நான்காவது மாடியில் குடியிருந்தார். யாரிடமும் வழி கேட்க மாட்டார், யார் துணையும் வேண்டாம் என்பார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே வருவது மனிதரா கதவா என்று குழம்பும் நிலை வந்த பிறகும் அந்த வீறாப்பு குறையவில்லை. நச்சரித்து நச்சரித்து, பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் இருக்கும் மருத்துவமனையில் கண் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கினார்கள். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். "நான் என்ன குழந்தையா?" என்று தனியாகவே போனார். மதியம் திரும்பி வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி.

"எப்படி மாமா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரொம்ப நல்லா இருக்காம். இந்த வயசுல இப்படி இருக்கிறது அபூர்வம்னாரு."

"கண்ணா?"

"காது."

எழுத்தக்கா கையில் இருந்த கரண்டியை வைத்தாள். "காது எதுக்கு மாமா பாத்தாங்க?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாப்பாங்க போலன்னு நினைச்சேன். காதுல ஒண்ணை மாட்டி, சத்தம் கேட்டா கையைத் தூக்குன்னாங்க. தூக்கினேன். போகலாம்னாங்க, வந்துட்டேன்."

கண்ணைக் காட்டப் போன மனுஷர் காதைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். எழுத்தக்கா அவருடைய சட்டைப் பையில் இருந்து மருத்துவமனைச் சீட்டை எடுத்தாள். கட்டை விரல் அகலத்தில் ஒரு துண்டுத் தாள். அதில் அறை எண், நேரம், டாக்டர் பெயர் எல்லாம் பொடிப் பொடியாக, மை ஊறிப்போய், குண்டில். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். அறை எட்டு என்று இருந்தது. ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அது ஆறு. ஆறின் வால் சுருண்டு வந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டு எட்டாக நின்றது. அதற்கு மேலே "கண் பிரிவு" என்று போட்டிருந்ததும் சுழி அடைந்து வெறும் கறுப்பு உருண்டையாக இருந்தது. தான் மூன்று வாரம் மல்லுக்கட்டிய 'ண'.

கோபம் யார் மேல் என்று தெரியாததுதான் பெரிய கோபமாக இருந்தது.

மருத்துவமனைக்குப் போன் செய்தால், தவறவிட்டதற்கு அடுத்த நாள் ஆறு வாரம் கழித்துத்தான் என்றார்கள். நான்காம் நாள் மாமனார் வெந்நீரை டம்ளருக்கு வெளியே ஊற்றி விரலைச் சுட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்ல, லேசா" என்று கையைப் பின்னால் மறைத்தார். அன்று கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு எழுத்தக்கா கிளம்பினாள்.

மருத்துவமனை நிர்வாகி நல்லவிதமாகத்தான் உட்காரச் சொன்னார். மேஜை மேல் இருந்த அவருடைய பெயர்ப் பலகையும் குண்டு. அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"எங்க மாமனார் கண்ணுக்கு வந்தவரு. இந்தச் சீட்டால காது டாக்டர்கிட்ட போயிட்டாரு. இந்த எழுத்தை இவ்வளவு சின்னதாப் போடக் கூடாதுங்க."

"ஏம்மா, அழகாத்தானே இருக்கு? வர்றவங்க பயந்துபோய் வர்றாங்க. இதைப் பாத்தா மனசுக்கு இதமா இருக்கும். இதைச் செஞ்சவங்க நல்ல மனசுக்காரங்கன்னு நான் அடிக்கடி சொல்வேன்."

"செஞ்சது நான்தான்."

நிர்வாகி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ, நீங்க செஞ்ச எழுத்து சரியில்லைன்னு நீங்களே சொல்றீங்களா?"

"சரியில்லைன்னு சொல்லலைங்க. தூரத்துல இருந்து பாக்குறதுக்குச் செஞ்சது. கதவுலயும் சுவத்துலயும் பெரிசா இருக்க வேண்டியது. இதைப் பொடி பண்ணினா உள்ள இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சிடும். லாரியைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள நிறுத்தினா அது லாரியோட குத்தமா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் புகார் சொல்லலையேம்மா."

"படிக்க முடியாதவங்க என்னன்னு புகார் சொல்வாங்க?"

அவர் சிரித்து மழுப்பினார். கவனிக்கிறோம் என்றார். எழுத்தக்காவுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். கடையில் தகராறு பண்ணும் வாடிக்கையாளரிடம் முதலாளியும் அதைத்தான் சொல்வார். எழுந்து நேராக எட்டாம் அறைக்குப் போனாள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரிடமும், "தப்பா நினைக்காதீங்க, உங்க சீட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நாலு பேர் கண்ணுக்கு வந்தவர்கள். அதில் ஓர் அம்மாள் காலையில் இருந்து அங்கே உட்கார்ந்திருந்தாள்.

இதற்குள் சத்தம் கேட்டுக் காது டாக்டரே வெளியே வந்தார். இளைத்த உருவம், களைத்த முகம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"ரெண்டு மாசமாப் பாக்குறேன். வர்ற காதெல்லாம் நல்ல காதா இருக்கு. ஊருக்கே காது நல்லாயிடுச்சு போலன்னு நினைச்சேன்" என்றார். சீட்டு புதிதாக மாறியும் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அவரே அந்த நாலு பேரையும் அழைத்துக்கொண்டு, எழுத்தக்கா பின்னால் வர, நிர்வாகியின் அறைக்குப் போனார். ஒரு சீட்டை மேஜையில் வைத்து, "இது எந்த அறைன்னு படிங்க" என்றார். நிர்வாகி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, நிதானமாகப் பார்த்து, எட்டு என்றார். காலையில் இருந்து காத்திருந்த அம்மாள், "எனக்குக் கண்ணு சாமி" என்றாள். நிர்வாகி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாள் குறிக்கும் பதிவேட்டைக் கிட்டே இழுத்தார். மாமனாருக்கு ஆறு வாரம் இரண்டு வாரமானது அந்த இடத்தில்தான்.

இதோடு முடிந்ததென்று எழுத்தக்கா நினைத்தாள். எதையும் அரைகுறையாகச் செய்தால்தானே நிம்மதி. நிர்வாகி முழுதாகச் செய்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனபோது சீட்டு மெல்லிய எழுத்தில் பளிச்சென்று இருந்தது. ஆறு ஆறாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் திரும்பினால், கதவுகளில் ஒன்றுமே தெரியவில்லை. கிட்டே போனாள். ஒரு முழ உயரத்துக்கு இருந்த பழைய குண்டு எண்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே மெல்லிய எழுத்தில் விரல் நீளத்துக்கு எண் ஒட்டி வைத்திருந்தார்கள். பழைய எண்கள் இருந்த இடத்தில் பசை அடையாளம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மாமனார் ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிழவர்களும் தடவிக்கொண்டு வந்தார்கள்.

எழுத்தக்கா மாமனாரை ஆறாம் அறையில் உட்கார வைத்துவிட்டு மறுபடி நிர்வாகியின் கதவைத் தட்டினாள்.

"இப்போ என்னம்மா? நீங்க சொன்ன மாதிரி குண்டை எடுத்தாச்சே."

"சீட்டுல எடுக்கச் சொன்னேன். கதவுல யாருங்க எடுக்கச் சொன்னது? கதவுக்குத்தான் அது."

"அன்னைக்கு வேண்டாம்னீங்க, இன்னைக்கு வேணுங்கிறீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

"தூரத்துக்குக் குண்டு. கைக்குள்ள வர்றதுக்கு ஒல்லி. இவ்வளவுதான் சார் விஷயம். குடையையும் கைக்குட்டையையும் ஒரே அளவுலயா வாங்குவீங்க?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தன் மேலேயே ஆச்சரியமாக இருந்தது. பத்து வருஷமாக வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்த எழுத்துக்கு வக்காலத்து வாங்கி, அடுத்தவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். நிர்வாகி பெருமூச்சு விட்டு, கதவு எண்களுக்கு அவளுடைய கடையிலேயே ஆர்டர் கொடுத்தார்.

அந்த ஆர்டருக்காக அவள் குண்டைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஆறின் வாலைக் கொஞ்சம் நிமிர்த்தி வாயைத் திறந்துவிட்டாள். ஒன்பதையும் அப்படியே. எட்டின் இடுப்பைச் சற்று இறுக்கினாள். மூன்று நாள் பிடித்தது. "நல்லா ஓடிட்டிருக்கிறதைப் போய் எதுக்கும்மா நோண்டுற?" என்று முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். கதவுகளில் ஒட்டிய அன்று அவளே நடைவழியின் கடைசியில் நின்று கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். பதினாலு கதவும் தெரிந்தன. மாமனாருக்கு ஒரு கண் அந்த மாதமும் மற்றது அடுத்த மாதமும் ஆபரேஷன் ஆனது. பார்வை வந்ததும் அவர் செய்த முதல் காரியம், லிஃப்ட்டுக்குள் போய் அதன் பலகையில் கீறல் விழுந்திருக்கிறது என்று கட்டடக் காவலாளியிடம் சண்டை பிடித்தது.

சின்ன அளவுக்கென்று தனியாக ஓர் எழுத்துரு செய்யவும் ஆரம்பித்தாள். ஒல்லி என்று கோப்புக்குப் பெயர் வைத்தாள். நாலு மாத உழைப்பு. எந்த வேலைக்கு எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதிக் கடை மேஜையில் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். வருகிறவர்கள் அதன் மேலேயே டீயை வைத்துக்கொண்டு குண்டு கேட்டார்கள். பத்துப் பேரோடு மல்லுக்கு நின்றால் மூன்று பேர் கேட்டுக்கொள்வார்கள். மற்ற ஏழு பேருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுப்பாள்.

போன மாதம் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் ஒருவர் வந்தார். சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும் புஜம். வாசலுக்கு ஒரு பெரிய பலகை, உறுப்பினர் படிவம் ஐந்நூறு. பலகைக்குக் குண்டு என்றார். அது சரி என்று அவளும் சந்தோஷமாகவே எழுதிக்கொண்டாள். படிவத்தின் பின்பக்கம் நிபந்தனைகள் நாற்பது வரி இருந்தன. அதையும் குண்டில் போடச் சொன்னார், முடிந்த அளவுக்குச் சின்னதாக.

"அது மட்டும் வேண்டாங்க. எல்லாம் அடைச்சுப் போயிடும்" என்று அவள் ஒன்றை அச்சடித்து நீட்டினாள். "நீங்களே படிச்சுப் பாருங்க."

அவர் ஒரு வரி படித்தார், இரண்டாவது வரியில் தடுக்கினார், மூன்றாவதில் நிறுத்திவிட்டார். தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"இப்படியே இருக்கட்டும்."

"படிக்க முடியலையே சார்."

"அதான்" என்றார் அவர், மறைக்காமல். "ஒரு வருஷத்துக்கு நடுவுல விலக முடியாதுன்னு அதுல ஒரு வரி இருக்கு. எல்லாரும் உக்காந்து படிச்சா எவன் சேருவான்? உங்க எழுத்து பாக்க நல்லா இருக்கு, படிக்கவும் முடியல. இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தேன்."

எழுத்தக்கா அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"பலகை வியாழக்கிழமை ரெடியாயிடும். படிவம் ஒல்லியிலதான் வரும். வேண்டாம்னா வேற கடை பாத்துக்குங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அவளைப் பார்த்தார். அவள் மெஷின் பக்கம் திரும்பி, காலையில் பாதியில் நிறுத்தியிருந்த பல் டாக்டரின் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினாள். அந்தச் சத்தத்தில் அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஆள் வந்து பலகையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். படிவத்தை முதலாளியின் மச்சான் தன் அச்சகத்தில் குண்டிலேயே அடித்துக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள்.